துணி காயாத நாள்

பனிக்கட்டிப் பாளம் வாசல் திருப்பத்தில் இடித்து நின்றது. படுக்கவைத்தால் திரும்பவில்லை, நிமிர்த்தினால் நிலையில் முட்டியது.

"ஜரா பீச்சே பாய், ஜரா பீச்சே" என்று டெம்போக்காரனைப் பின்னால் நகரச் சொல்லிக்கொண்டே அந்தோணி தோளைச் சுவரோடு ஒட்டி, கோணி சுற்றிய முனையைத் தூக்கினான். "கோதைக்கா, அந்தப் பர்தாவக் கொஞ்சம் ஒதுக்குங்க. ஐஸ் லாதி மாட்டுது."

கோதை வாசல் திரையைத் தூக்கிப் பிடித்தாள். பாளம் அவளை உரசிக்கொண்டு உள்ளே போனது. முந்தானையில் மரத்தூள் அப்பியது. அவள் தட்டிவிடவில்லை.

கூடத்தில் அவள் கணவன் கோகுல்நாத்தைக் கிடத்தியிருந்தார்கள். பலகையின்மேல் தார்ப்பாய், தார்ப்பாயின்மேல் கோரைப்பாய், அதன்மேல் அவன். கழுத்துவரை வேட்டி போர்த்தியிருந்தது. இருபுறமும் நேற்றுச் சாயங்காலம் அடுக்கிய பாளங்கள் தேய்ந்த சோப்புக்கட்டிபோல் மூலை மழுங்கிக் கிடந்தன. உருகிய நீர் தரையின் வாட்டத்தில் ஓடிச் சமையலறை வாசலில் தேங்கியது. அந்தோணியின் மனைவி ஜான்சி அதைத் துடைப்பத்தால் குளியலறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீடு. மூன்று தலைமுறையாகக் கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை வேலையிலேயே இருக்கும் குடும்பம்.

"இன்னாக்கா இது, இவ்ளோ ஜல்தி கரையுது?" என்றாள் ஜான்சி. "மே மாசத்து வெயில்னாலும் பரவால்ல. ஜூலைல ஸ்வெட்டர் போட்டுக்கற மாதிரி இருக்குது, அப்பவும் நிக்க மாட்டேங்குது."

"ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது ஜான்சி. காத்துல இருக்கற ஈரம் ஐஸ்மேல வந்து படியும். படியறப்ப தங்கிட்ட இருக்கற சூட்ட அதுக்குக் குடுத்துடும். வெயில் குடுக்காதத ஈரம் குடுக்குது."

சொல்லி முடித்த பிறகுதான் சுவரோரம் உட்கார்ந்திருந்த பெண்கள் தன்னைப் பார்ப்பது கோதைக்குத் தெரிந்தது. புருஷன் கிடக்கிற இடத்தில் பேசுகிற பேச்சில்லைதான். ஜான்சி மட்டும் "அச்சா" என்று தலையாட்டிவிட்டு, யாரோ போட்டிருந்த மின்விசிறியை அணைத்தாள். வீசுகிற காற்று இன்னும் ஈரத்தைக் கொண்டுவந்து கொட்டும் என்பதை அவள் கேட்காமலேயே புரிந்துகொண்டாள்.

ஈரத்தை அளப்பது கோதையின் உத்தியோகம். சிவாஜிநகரில் வானிலை அலுவலகத்தில் அப்சர்வர். புல்தரையில் மரச் சட்டங்கள் அடித்த ஒரு வெள்ளைப் பெட்டி நிற்கும். அதற்குள் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறுமனே இருக்கும். இன்னொன்றின் குமிழில் மெல்லிய துணி சுற்றி, துணியின் வாலைச் சின்னப் புட்டியில் நீருக்குள் விட்டிருப்பார்கள். நீர் ஆவியாகும்போது சும்மா போகாது. போகிற செலவுக்கு வேண்டிய சூட்டைக் குமிழிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். அதனால் துணி சுற்றிய வெப்பமானி எப்போதும் கொஞ்சம் குறைத்தே காட்டும். காற்று காய்ந்திருந்தால் துணியிலிருந்து நீர் வேகமாகப் போகும். இரண்டுக்கும் இடைவெளி பெரிதாகும். காற்றே நனைந்திருந்தால் துணி காயாது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும்.

கல்யாணமான புதிதில் இதை அவள் சொன்னபோது கோகுல்நாத் துள்ளி எழுந்து உட்கார்ந்தான். அவன் விமானப் பயிற்சிக் கழகத்தில் பயிற்றுநர். ஹடப்சரைத் தாண்டி, சோலாப்பூர் சாலையை விட்டு உள்ளே போனால் அவர்களுடைய ஓடுதளம். இரண்டு பேர் மட்டும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காரக்கூடிய விமானங்கள்.

"அடி, உன் துணியும் என் கார்புரேட்டரும் ஒண்ணுதான்டி!" என்றான். 

அன்றைக்கு அவன் விளக்கியது அவளுக்கு வரி வரியாக நினைவிருந்தது. சின்ன விமானத்தின் எஞ்சினுக்குள் காற்று ஒரு குறுகிய தொண்டை வழியாகப் போகிறது. அந்தத் தொண்டையில் பெட்ரோல் தூவப்பட்டு ஆவியாகிறது. ஆவியாகும்போது சூட்டைப் பிடுங்கிக்கொள்கிறது. குறுகிய இடத்தில் காற்று விரைவதாலும் குளிர்ச்சி கூடுகிறது. வெளியே ஸ்வெட்டர்கூட வேண்டாத நாளில் அந்தத் தொண்டைக்குள் நீர் உறைகிற குளிர். காற்றில் ஈரம் இருந்தால், ஃபிரிட்ஜ் சுவரில் படிகிற மாதிரி அங்கே பனி படியும். எஞ்சினின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற தகடும் அங்கேதான் இருக்கிறது. வேகத்தைக் குறைத்தால் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். மிஞ்சுகிற சின்ன இடுக்கையும் பனி அடைத்துவிட்டால் எஞ்சினுக்கு மூச்சில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. அவள் காலை அளவை எடுத்து முடித்ததும் கழகத்திலிருந்து போன் வரும்.

"என்ன துணிக்காரி, துணி காயுதா?"

மார்ச், ஏப்ரலில், "வெச்ச தண்ணி நிக்க மாட்டேங்குது" என்பாள். நேற்றுக் காலையும் மணி அடித்தது.

"காயவே இல்ல. ரெண்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது."

"அப்ப நம்ம வீட்டுத் துணியும் காயாது. என் வெள்ளைச் சட்டைய உள்கொடில போடு" என்று சிரித்தான்.

அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அவள் சொன்னாள், அவன் கேட்டுக்கொண்டான். எதுவும் விட்டுப்போகவில்லை. நேற்று முழுக்க இதையே அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

*

காளே வந்தபோது மழை விட்டிருந்தது. கழகத்தின் எஞ்சினியர். செருப்பைக் கழற்றிவிட்டு, கோகுல்நாத்தின் காலடியில் குனிந்து தொட்டுக் கும்பிட்டான். பிறகு கோதையைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டான். இந்தியில்தான் பேசினார்கள், அண்ணியைக் கூப்பிடுகிற 'வஹினி' மட்டும் மராத்தி.

"வஹினி, மும்பைலேருந்து இன்ஸ்பெக்டர் நேத்தே வந்துட்டார். அவர் முன்னாடி எல்லாத்தையும் திறந்து பாத்தோம்."

"என்ன இருந்துது?"

"ஒண்ணுமில்ல." அவன் அதைச் சொன்ன விதம் குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் இருந்தது. "பாதி டேங்க் பெட்ரோல் இருக்கு. சுத்தமான பெட்ரோல். பிளக் எல்லாம் சரி. விமானம் தலைகீழாக் கிடந்ததால கார்புரேட்டர் மேல இருந்துது, கீறல்கூட இல்ல. நாளைக்கே வேற விமானத்துல மாட்டலாம். அப்படி இருக்கு."

நேற்று நடந்ததை ஏற்கெனவே பலர் அவளிடம் சொல்லிவிட்டார்கள். மேகம் கொஞ்சம் உயர்ந்ததும் கோகுல்நாத் ஒரு மாணவியோடு ஏறினான். அன்றைய பாடம், எஞ்சின் நின்றுவிட்டதாக வைத்துக்கொண்டு இறங்குவது. உயரத்தில் வேகத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, கீழே ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து, அதில் இறங்கப்போவதுபோல் மிதந்து வர வேண்டும். வயல் நெருங்கியதும் எஞ்சினை முடுக்கி மேலே போய்விட வேண்டும். மாணவி முடுக்கினாள். எஞ்சின் இருமியது, வரவில்லை. கோகுல்நாத் விமானத்தைத் தன் கைக்கு வாங்கினான். உருளி கிராமத்துக்கு இந்தப் பக்கம் ஒரு வெங்காய வயலில், மின்கம்பிகளுக்கு நடுவே, பாடப்புத்தகத்தில் உள்ளதுபோலவே இறக்கினான். கோடையில் அந்தக் கரிசல் சிமென்டுத் தரை மாதிரி இருக்கும். ஜூலையில் அது முன்சக்கரத்தை விழுங்கியது. விமானம் குப்புறப் புரண்டு, அவன் உட்கார்ந்திருந்த பக்கம் வயல் வரப்பின் கல்லில் மோதியது. மாணவிக்குக் கை முறிந்தது.

"ஐஸ் இருந்திருக்கும் காளே" என்றாள் கோதை. "நேத்து காத்து முழுக்கத் தண்ணி. வேகத்தக் குறைச்சு வெச்சுக்கிட்டு மிதந்து வந்திருக்காங்க."

"எனக்கும் அதான் முதல்ல தோணுச்சு. ஆனா சாட்சி எங்க வஹினி? ஐஸ் கரைஞ்சா தண்ணி. தண்ணி போயிட்டா ஒண்ணுமில்ல. எத்தனையோ கேஸ்ல இப்படித்தான், தேடப்போனா எஞ்சின் நல்லா இருக்கும்."

"சூடு குடுக்கற கைப்பிடி?"

விமானியின் முன்னால் உள்ள அளவுப் பலகையில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அதை இழுத்தால், எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றிச் சூடான காற்று தொண்டைக்குள் போய்ப் பனியைக் கரைக்கும்.

"உள்ள இருந்துது" என்றான் காளே. "தள்ளின நிலைல. அதத்தான் இன்ஸ்பெக்டர் கேக்கறார். ஐஸுன்னு தெரிஞ்சிருந்தா கோகுல் சார் இழுத்து வெச்சிருப்பாரே, வெளிய இருந்திருக்குமே? உள்ள இருக்குன்னா ஐஸ் இல்லன்னுதானே அர்த்தம்?"

"விழறப்ப இடிச்சுத் தள்ளியிருக்கலாம்."

"தள்ளியிருக்கலாம். இல்ல, அந்தப் பொண்ணு பயத்துல தள்ளியிருக்கலாம். இன்னும் அவங்கள யாரும் கேக்கல." காளே குரலைத் தாழ்த்தினான். "வேற வாயால கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். கழகத்துல பேச ஆரம்பிச்சுட்டாங்க. எஞ்சின் நல்லா இருக்கு, பெட்ரோல் இருக்கு. அப்ப பாடம் நடத்தற வேகத்துல சார்தான் பெட்ரோல் வால்வ மூடிட்டார்னு. கடைசி நேரத்துல திறந்திருப்பார்னு."

கோதை தேங்கிய நீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு காரணம் வேண்டும் அவர்களுக்கு. பொருளில் இல்லையென்றால் ஆளில். அவன் கற்றுக்கொடுத்து வெளியே போனவர்கள் எத்தனையோ ஊர்களில் விமானம் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வால்வுக் கதைதான் போய்ச் சேரும். இதோடுதான் அவன் பெயர் முடியும்.

"அந்தப் பொண்ணு வருமா?"

"அவங்க அப்பா கூட்டிட்டு வரேன்னார்."

*

கோகுல்நாத்தின் தம்பி கிட்டு பெங்களூரில் வேலை பார்த்தான். மதியத்துக்கு மேல்தான் அவனுடைய ரயில் வந்தது. பையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்று கூடத்தைப் பார்த்தான். பிறகு பையோடேயே போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஈரம் பேன்ட்டில் ஏறியது.

"அண்ணி, ஸ்டேஷனுக்கு வந்த கிளப் ஆளு என்னென்னமோ சொல்றானுங்க" என்றான். "எங்கண்ணன் வால்வ மூடிப்போட்டு ஏறுவானுங்களா? வீட்டக் கிளம்பறப்ப கேஸ் சிலிண்டர மூணு தடவ திருகிப் பாக்கறவனுங்க அவன்."

"நாலு தடவ."

கிட்டு சிரிக்கத் தொடங்கி, அது வேறாக மாறி, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

அவன் அடங்கும்வரை இருந்துவிட்டுக் கோதை சொல்ல ஆரம்பித்தாள். குழந்தைக்குச் சொல்வதுபோல், ஒன்றன்பின் ஒன்றாக. ஊசி போடும் முன் தடவுகிற ஸ்பிரிட் ஏன் சில்லிடுகிறது என்பதிலிருந்து ஆரம்பித்து, தொண்டை, தகடு, பனி, கைப்பிடி. சொல்லச் சொல்ல அவள் குரல் சீராகியது. 

"கைப்பிடிய இழுத்தா உடனே சரியாயிடுமுங்களா?"

"அதுதான் இல்ல. இழுத்தா முதல்ல இன்னும் மோசமாகும். சூடான காத்து லேசான காத்து, எஞ்சினுக்குத் தெம்பு போதாது. கரையற ஐஸும் தண்ணியா உள்ள போகும். குலுங்கும், நிக்கப்போற மாதிரி இருக்கும். அப்பத்தான் பல்லக் கடிச்சுக்கிட்டு விடாமப் புடிச்சிருக்கணும். குலுங்குனா நல்ல சகுனம், ஐஸ் கரையுதுன்னு அர்த்தம். 'பயந்து திருப்பித் தள்ளிடாதீங்க'ன்னு உங்கண்ணன் ஒவ்வொரு பேட்ச்லயும் சொல்லுவாரு. தூக்கத்துலகூடச் சொல்லியிருக்காரு."

"அப்ப அந்தப் புள்ள தள்ளியிருக்குமுங்க" என்றான் கிட்டு. அவன் முகத்தில் வெளிச்சம் மாதிரி ஏதோ வந்தது. "பயந்துபோயிருக்கும். சின்னப் புள்ள. அது ஒரு வார்த்த சொல்லிச்சுன்னாப் போதுமுங்க அண்ணி. அண்ணன் பேரு தப்பிச்சுரும்."

கோதையும் காளே போனதிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். இன்னொருவர் வாயிலிருந்து கேட்டபோது அது கொஞ்சம் கூசியது. ஆனாலும் வேண்டியிருந்தது.

குளிப்பாட்டும் நேரம் வந்தது. "யூனிபாரம் போட்டு அனுப்பலாமுங்களா?" என்று கிட்டு கேட்டான். தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டைகள் கோகுல்நாத்துக்கு இரண்டு. ஒன்றை மருத்துவமனையில் வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்னொன்று உள்கொடியில் தொங்கியது. கோதை போய்க் காலரைத் தொட்டுப் பார்த்தாள்.

"காயல" என்றாள்.

"நான் இஸ்திரி போட்டுத் தரேன்க்கா" என்று ஜான்சி எழுந்தாள்.

"வேண்டாம். ஈரத்தோட போட வேண்டாம்."

பட்டு வேட்டி கட்டி, வெறும் மேலில் சந்தனம் பூசினார்கள்.

ஆண்கள் தூக்கும் சமயத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மாணவி ஸ்ரீவித்யாவும் அவள் அப்பாவும் இறங்கினார்கள். ஹடப்சரில் புதிதாக வந்த அடுக்குமாடி ஒன்றில் குடியிருக்கும் சென்னைக்காரர்கள். அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. பெண்ணின் வலது கை கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கியது. கன்னத்தில் பெல்ட் உரசிய சிவப்பு. அவள் வாசலிலேயே நின்றாள். அவளைத் தாண்டித்தான் கோகுல்நாத்தைக் கொண்டுபோனார்கள். அவளுடைய அப்பா செருப்பை விட்டுவிட்டு ஆண்களோடு நடந்தார். கிட்டு தீச்சட்டியோடு முன்னால் போனான். திரும்பி ஒருமுறை அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனான்.

*

பெண்கள் சுடுகாட்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. வீட்டைக் கழுவிவிட வேண்டும், போனவர்கள் திரும்பிவந்து குளிக்க வெந்நீர் வைக்க வேண்டும். ஜான்சி மண்ணெண்ணெய் அடுப்பை வாசலுக்கு எடுத்துப் போனாள். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குளிக்கக் கிளம்பினார்கள். கூடத்தில் பலகை இருந்தது. இருபுறமும் பாளங்கள் அப்படியே இருந்தன, நடுவில் ஆளில்லாமல்.

ஸ்ரீவித்யா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கோதை அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கை வலிக்குதா?"

"இட்ஸ் ஓகே ஆண்ட்டி." சிறுவயதிலிருந்தே வடக்கில் வளர்ந்த அவளுடைய தமிழ் தடுக்கித் தடுக்கி வந்தது. "சார் ரொம்ப... ரொம்ப சாஃப்ட்டா இறக்கினார் ஆண்ட்டி. நான் நினைச்சேன், நாங்க... பச் கயே. தப்பிச்சிட்டோம்னு. சார்கூட 'ஆச்சு'ன்னார். அப்புறம்தான் வீல் உள்ள போச்சு."

"'ஆச்சு'ன்னாரா?"

"ஆமா."

ஸ்கூட்டரை நிறுத்தி ஸ்டாண்டு போடும்போதும் அவன் அதைத்தான் சொல்வான்.

"முதல்லேருந்து சொல்லும்மா. வேகத்தக் குறைக்கறதுக்கு முன்னாடி என்ன பண்ண?"

"ஹீட் புல் பண்ணேன். ஆர்.பி.எம். டிராப் ஆச்சு. அப்புறம் புஷ். அப்புறம் த்ராட்டில் க்ளோஸ்."

"சூட்டுக் கைப்பிடிய இழுத்துட்டு உடனே தள்ளிட்டியா?"

"நாங்க எப்பவும் அப்படித்தான் ஆண்ட்டி. டேக்-ஆஃப் முன்னாடி செக் பண்ணுவோம்ல. புல், நீடில் பாரு, புஷ். இங்க ட்ரை வெதர், வருஷம் முழுக்க ஹீட் வேணாம். ஸோ செக் மட்டும்தான்..." அவள் குரல் தேய்ந்தது. "நேத்து புல் பண்ணி வெச்சிருக்கணும். எனக்குத் தெரியல. சாரும் வெளிய ஃபீல்டு பாத்துட்டிருந்தார்."

"சரி. அப்புறம் முடுக்கினே. வரல."

"வரல. சார் 'ஐ ஹேவ் கன்ட்ரோல்'னார், நான் கைய எடுத்துட்டேன். சார் ஹீட் புல் பண்ணார்."

கோதை நிமிர்ந்தாள். "இழுத்தாரா? அவரே இழுத்தாரா?"

"ஆமா. உடனே."

அப்படியென்றால் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஐஸ் என்று கண்டுபிடித்துவிட்டான். கோதை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "அப்புறம்?"

"எஞ்சின் பயங்கரமா ஷேக் ஆச்சு. நான் கத்திட்டேன்."

"கத்திட்டு? தள்ளினியா? பயந்து நீ தள்ளிட்டியாம்மா? நான் திட்டமாட்டேன். சொல்லு."

ஸ்ரீவித்யா தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"அப்ப விழறப்ப இடிச்சுதா?"

"இல்ல ஆண்ட்டி. சார்தான்." அவள் இடது கையைத் தூக்கினாள். தனக்கு முன்னால் காற்றில் எதையோ பிடித்து, தன் பக்கம் இழுத்தாள். ஒரு மூச்சு அளவு நிறுத்தினாள். கண்ணை லேசாகச் சாய்த்து, முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் திரும்ப உள்ளே தள்ளினாள். "இப்படி. அப்புறம் லெஃப்ட்ல ஃபீல்டு பாக்க ஆரம்பிச்சார்."

இழு, முள்ளைப் பார், தள்ளு. ஒரு தடவை கழகத்தின் விழா நாளன்று கோதையை அவன் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து ஏற்றிப் போயிருக்கிறான். ஓடுதளத்தின் முனையில் நிறுத்தி இதே வரிசையில் செய்து காட்டினான். "இழுத்தா முள் இறங்குதா? சூடு வேலை செய்யுதுன்னு அர்த்தம். அவ்ளோதான், தள்ளிடு" என்றான். அப்போதே அந்தக் கை எத்தனை ஆயிரம் தடவை அதைச் செய்திருக்கும். காய்ந்த ஊரில், காய்ந்த காற்றில், ஒவ்வொரு முறையும் தள்ளித்தான் ஆக வேண்டும். வாய் என்ன சொல்லிக்கொண்டிருந்தாலும், கை கற்றுக்கொண்டது அதைத்தான். நேற்றும் இழுத்தது. முள் இறங்கியது. தள்ளிவிட்டது. அவன் கண் அதற்குள் வயலுக்குப் போய்விட்டது.

வாசலில் ஜான்சி அடுப்புக்கு பம்ப் அடிக்கும் சத்தம் கேட்டது.

"ஆண்ட்டி." ஸ்ரீவித்யா ரொம்பத் தாழ்வாகப் பேசினாள். "நாளைக்கு இன்ஸ்பெக்டர் வருவார். அப்பா சொல்றார், 'எனக்கு ஞாபகம் இல்ல'ன்னு சொல்லிடுன்னு. ஆனா... நான் புஷ் பண்ணேன்னு சொல்லட்டுமா? நான் ஸ்டூடண்ட்தானே. ஸ்டூடண்ட் தப்பு பண்ணலாம். சார்க்கு..."

கோதை அவளைப் பார்த்தாள். கன்னத்துச் சிவப்பு ஓரங்களில் நீலமாகத் தொடங்கியிருந்தது. கிட்டு சுடுகாட்டிலிருந்து திரும்பிவருவான். வாசலில் கால் கழுவும்போதே அவன் கண் கேட்கும். இந்தப் பெண்ணின் ஒரு வார்த்தை போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஐஸும் இல்லை, அந்தக் கையும் இந்நேரம் இல்லை.

நாளை மறுநாள் வேறு ஒருவர் அந்த ஓடுதளத்தின் முனையில் நின்று இழுப்பார், பார்ப்பார், தள்ளுவார். மழை இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

"உன் பேர் சொல்லாத" என்றாள் கோதை.

"அப்ப, ஞாபகம் இல்லன்னு..."

"பாத்ததச் சொல்லு. சார் இழுத்தாரு. குலுங்குச்சு. சார் தள்ளினாரு. இந்த மூணையும் வரிசையாச் சொல்லு. நடுவுல எதையும் சேக்காத."

"எல்லாரும் சாரத்தானே..."

"ஆமா."

ஸ்ரீவித்யா ஒற்றைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசலில் ஜான்சியிடம் போய் நின்றாள். ஜான்சி அவளை இந்தியில் உட்காரச் சொல்லி, டீ குடிக்கிறாயா என்பது கேட்டது. "பைட் பேட்டா, பைட். சாய் பியேகி?"

கோதை எழுந்தாள். பலகையைச் சுவரில் சாய்த்தாள். பாளங்களைக் கோணியால் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்துக் குளியலறை வாய்க்காலில் தள்ளினாள். கை மரத்துப் போனது. தரையைக் கழுவி, துணியால் ஒற்றி, மறுபடி ஒற்றினாள். எவ்வளவு துடைத்தாலும் சிவப்புத் தரையில் பலகை இருந்த இடத்தைச் சுற்றி ஈரம் மினுங்கியது.

வாசலில் ஆண்களின் பேச்சுக்குரல் நெருங்கியது. வாளிகள் உருண்டன. கிட்டு இருமினான். "வெந்நி ரெடிங்களா?" என்று யாரையோ கேட்டான்.

உள்கொடியைக் கடக்கும்போது அவள் நின்றாள். வெள்ளைச் சட்டையின் முதுகைத் தொட்டாள். காய்ந்துவிட்டதுபோல் இருந்தது. கையிடுக்கைத் தொட்டாள். சில்லென்றது.

அவள் கிளிப்பை எடுத்து, சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கைகளை உதறி, மறுபடி கொடியில் போட்டாள்.